வள்ளியூர்வரை வந்த குரல்

நெல்லையிலிருந்து நாகர்கோவிலுக்கு ரயிலில் வருவோர் வள்ளியூரைப் பெரிதாக எண்ணுவதில்லை. நம்மவர்க்கு அது மூட்டை முடிச்சுகளை மேல்தட்டிலிருந்து இறக்கத் தொடங்கும் இடம். அதற்குப் பின் பணகுடி, காவல்கிணறு, பிறகு மலைகள் நெருங்கி வந்து ஆரல்வாய்மொழிக் கணவாய், காற்று மாறும், தோவாளையின் பசுமை தெரியும். ஊர் வந்துவிட்டது என்று மனம் சொல்லும். இந்தப் பாதை 1981இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் நெல்லையோடு ரயில் முடிந்துவிடும். எஞ்சிய தொலைவு பேருந்தில்தான்.

1989 ஏப்ரலில் ஒரு நாள் அந்தப் பாதையில் ஓர் இசைக்குழு வந்துகொண்டிருந்தது. குமரி மாவட்டத்துக் கோயில் ஒன்றின் விழாவில் பாட அழைக்கப்பட்டிருந்தார்கள். வள்ளியூரில் வண்டி நின்றபோது குழுவின் தலைவர் தண்ணீருக்காக நடைமேடையில் இறங்கினார். வண்டி நகரத் தொடங்கியது. ஏற முயன்றவருக்குக் கால் தவறியது. அங்கேயே அவர் வாழ்வு முடிந்தது. வயது ஐம்பத்தொன்பது. அவர் ஏ. எம். ராஜா. உடன் பயணம் செய்தவர்களில் அவருடைய மனைவியும் பாடகியுமான ஜிக்கியும் இருந்தார்.

குமரி மாவட்டத்து மேடை ஒன்று அன்றிரவு அவருக்காகக் காத்திருந்தது என்ற எண்ணம் நம்மை விட்டு நீங்கியதில்லை. அந்த மரணத்தை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவது அவருக்குச் செய்யும் நீதியாகாது. முப்பது வயதில் உச்சத்தைத் தொட்டு, முப்பத்துமூன்றில் ஒதுங்கி, நாற்பதுகளில் திரும்பி வந்த ஒரு கலைஞனுக்குத் தமிழ்நாடு என்ன வைத்திருந்தது என்பதே நாம் கேட்க விரும்பும் கேள்வி.

*

ராஜா 1929 ஜூலையில் இன்றைய ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் பிறந்தவர். கைக்குழந்தையாய் இருக்கும்போதே தந்தையை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பட்டம் பெற்றார். கல்லூரி நாட்களிலேயே மெட்டமைத்துப் பாடும் பழக்கம் இருந்தது. அவருடைய குரலை வானொலியில் கேட்ட ஜெமினி அதிபர் எஸ். எஸ். வாசன் அழைத்து, 1951இல் வெளிவந்த 'சம்சாரம்' படத்தில் பாட வைத்தார். அந்த ஒரு பாட்டு போதுமானதாயிற்று.

அக்குரலின் இயல்பை ஒரு சொல்லில் கூறுவதானால், அது உரக்கப் பேசாத குரல். நாடக மேடையிலிருந்து வந்த பாடகர்கள் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் கேட்கும்படி பாடினார்கள். அவர்களுக்கு ஒலிவாங்கி என்பது கூடுதல் வசதி மட்டுமே. ராஜாவோ ஒலிவாங்கியை நம்பிப் பிறந்த தலைமுறை. அருகில் இருப்பவரிடம் சொல்வதுபோல் பாடினார். ஜெமினி கணேசனின் முகத்துக்கு அந்தக் குரல் பொருந்தியதுபோல் வேறெந்தக் குரலும் பொருந்தவில்லை என்பது நம் கருத்து. 1955இல் வெளியான 'மிஸ்ஸியம்மா'வைக் கண்டவர்கள் மறுக்க மாட்டார்கள். கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்த மேரி என்னும் ஆசிரியையை நாயகியாக்கிய அந்தப் படத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் சொந்தக் கதையைப்போல் பேசிக்கொண்டதை நாம் கேட்டிருக்கிறோம்.

ஜிக்கியைப் பற்றியும் ஒரு சொல். கத்தோலிக்க இல்லங்களுக்கு அவர் ராஜாவின் மனைவியாக அறிமுகமானவர் அல்லர். அதற்கும் முந்திய உறவு. 1948இல் வந்த 'ஞானசௌந்தரி'யில், தேவமாதாவை நோக்கிச் சிறுமி ஒருத்தி பாடும் பாடல் உண்டு. அச்சிறுமி பாட்டினூடே வளர்ந்து மங்கையாகிறாள். சிறுமிக்கான குரல் ஜிக்கியுடையது. மங்கைக்கான குரல் பி. ஏ. பெரியநாயகியுடையது. அதே கதையை அதே ஆண்டில் ஜெமினி நிறுவனமும் படமாக்கி வெளியிட்டுத் தோற்றது. வென்ற படத்தின் பாட்டு, திரையரங்கை விட்டு வெளியேறி நம் ஆலயங்களுக்குள் நுழைந்தது. திரைப்படப் பாட்டு என்ற நினைவே இல்லாமல் நவநாட்களில் அதைப் பாடியவர்கள் ஏராளம். ஜிக்கிக்கு அப்போது பதின்மூன்று வயதுகூட நிறையவில்லை.

*

1959 ஏப்ரலில் 'கல்யாணப் பரிசு' வெளிவந்தது. ஸ்ரீதர் இயக்கிய முதற்படம்; தமிழில் ராஜா இசையமைத்த முதற்படமும் அதுவே. பாடல்களைப் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதினார். அவரும் அந்த அக்டோபரில் இருபத்தொன்பது வயதில் மறைந்தார். ஒரே மெட்டு மகிழ்ச்சியிலும் துயரிலும் திரும்ப வரும் வழக்கம் அதற்கு முன்பும் இருந்ததுதான். ஆனால் திரும்ப வரும்போது அதன் பொருளே மாறிவிடும்படி செய்தது அப்படத்தின் இசை. தொடர்ந்து 'விடிவெள்ளி', 'தேன் நிலவு', 'ஆடிப்பெருக்கு'. நான்கு ஆண்டுகளுக்குள் இவ்வளவும்.

பிறகு வாசல் மூடியது. ஒருநாளில் அறைந்து சாத்தப்பட்ட கதவு அன்று அது; மெல்லச் சாய்ந்து அடைபட்டது. ராஜா தம் இசையில் சிறு பிசகையும் பொறுக்காதவர், கண்டிப்பானவர் என்ற பேச்சு திரையுலகில் இருந்தது. ஸ்ரீதருக்கும் அவருக்கும் ஒத்துப்போகாமற் போயிற்று. 1962இல் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' வந்தபோது இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி. ஜெமினி கணேசனின் குரலாகப் பி. பி. ஸ்ரீனிவாஸ் நிலைபெற்றார். எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் டி. எம். சௌந்தரராஜன். எல்லாரும் பெரியவர்கள், யாரையும் குறை சொல்ல இடமில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிசகைப் பொறுக்காத குணம் வெற்றி பெற்றவனிடம் இருந்தால் 'மேதைமை' என்று பேர் பெறும். சற்றுச் சரிந்தவனிடம் இருந்தால் 'தலைக்கனம்' என்று பேர் பெறும். ஒரே குணந்தான்.

இங்கே நம் மாவட்டத்துக்கென்று ஒரு தனிக் கதை உண்டு. தமிழகத்தின் பிற பகுதிகளுக்கு ராஜா 1962க்குப் பின் பழைய பாடகர் ஆனார். நமக்கு அவ்வாறு ஆகவில்லை. 1956 நவம்பர் முதல் நாள்வரை நாம் திருவிதாங்கூரின் பகுதி. எல்லை மாறினாலும் காது மாறவில்லை. கல்குளம், விளவங்கோடு வீடுகளில் திருவனந்தபுரம் வானொலியும் கேட்டது, இலங்கை வானொலியும் கேட்டது. மலையாளத்தில் ராஜா பாடிக்கொண்டேயிருந்தார். வயலார் எழுதி தேவராஜன் இசையமைத்த 'பார்யா' 1962இல் வந்தது. அதில் பெரியாற்றைப் பாடும் பாடல் கேரளமெங்கும் ஒலித்தது. 1969இல் 'அடிமகள்' படத்தில் தாழம்பூ மணக்கும் இன்னொரு பாட்டு. சென்னையில் அவரை மறந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், களியக்காவிளைப் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் அவர் அன்றாடக் குரல். இரு மொழிகளின் விளிம்பில் வாழ்வதால் நமக்கு வாய்த்த சில நன்மைகளில் இதுவும் ஒன்று.

*

1971இல் 'ரங்க ராட்டினம்' படத்துக்காக இசையமைப்பாளர் வி. குமார் ராஜாவை அழைத்தார். பாடியதும் ஜெமினி கணேசனுக்கே. ஒன்பது ஆண்டு இடைவெளி அந்தக் குரலில் தெரியவில்லை. சற்றுக் கனம் கூடியிருந்தது, அவ்வளவே. மறுஆண்டு சங்கர்–கணேஷ் இசையில் 'புகுந்த வீடு' படத்தில் ராஜாவும் ஜிக்கியும் சேர்ந்து பாடினார்கள். 1973இல் 'வீட்டு மாப்பிள்ளை', 1975இல் 'எனக்கொரு மகன் பிறப்பான்' என இரு படங்களுக்கு அவரே இசையமைத்தார். மறுவருகை என்று சொல்லத்தக்கது இவ்வளவுதான். அந்தப் படங்கள் ஓடவில்லை. திரைப்படம் ஓடாவிட்டால் பாட்டும் ஓடாது என்பது நம் நாட்டு நியதி. பாடகனின் முதுமைக்குத் தனியாக ஓர் இடம் இங்கே கிடையாது.

இதைச் சற்று விளக்க வேண்டும். மேலை நாடுகளில் பாடகன் என்பவன் தன் பெயரால் ஓர் இசைத்தட்டு வெளியிடுபவன். பத்துப் பன்னிரண்டு பாடல்களைத் தேர்ந்து, தானே பாடி, தன் முகத்தை உறையில் அச்சிட்டு, இது என் இந்த வயதின் குரல் என்று வைப்பான். தமிழில் அத்தகைய தனித் தொகுப்பு பெரும்பாலும் பக்திப் பாடலுக்கே வாய்த்தது. சௌந்தரராஜன் முருகனைப் பாடினார். சீர்காழி கோவிந்தராஜன் பாடினார். அவை திரைப்படத்தைச் சாராமல் வீடுகளுக்குள் சென்றன. காதலையும் ஏக்கத்தையும் பாடியவனுக்கு நாயகன் ஒருவனின் உதடு அசைந்தாக வேண்டும். நாயகன் இளையவன், பாடகனுக்கோ வயதாகிறது. ராஜா தம் நாற்பத்தைந்து வயதின் குரலில் எதைப் பாடியிருப்பார் என்று கேட்க ஆளில்லாமற் போனதற்கு இதுவே காரணம்.

அவருக்குத் தெரிந்த மற்றொரு வழி மேடை. ஜிக்கியோடு சேர்ந்து மெல்லிசைக் குழு நடத்தினார். கச்சேரிக்காகச் சென்னையிலிருந்து ஊர் ஊராகப் போனார். அப்படி ஒரு பயணம்தான் 1989இல் வள்ளியூர்வரை வந்தது.

*

அதே குளிர்காலத்தில், உலகின் மறுகோடியில் நிகழ்ந்த ஒன்றை இதனருகில் வைத்துப் பார்க்க விரும்புகிறோம். ராய் ஆர்பிசன் என்னும் அமெரிக்கப் பாடகரை நம் வாசகர்களில் சிலர் அறிந்திருக்கலாம். 1936இல் டெக்சாசில் பிறந்தவர். 1960 முதல் நான்கைந்து ஆண்டுகள் அவர் குரல் உலகை ஆண்டது. 1964இல் 'ஓ, பிரிட்டி வுமன்' என்ற பாட்டு எல்லாவற்றுக்கும் உச்சி. அவரும் முழங்கிப் பாடியவர் அல்லர். கறுப்புக் கண்ணாடி அணிந்து, அசையாமல் நின்று, துயரத்தை உயர்ந்த சுரங்களில் ஏற்றியவர். பின்னர் சரிவு. சரிவோடு சோகமும் சேர்ந்தது. 1966இல் விபத்தில் மனைவி இறந்தார். 1968இல் வீடு தீப்பற்றி இரு மகன்கள் மாண்டனர். 1970களில் அவரைக் கேட்பார் குறைந்தனர்.

1986இல் ஒரு திரைப்பட இயக்குநர் அவருடைய பழைய பாட்டொன்றைத் தம் படத்தில் பயன்படுத்த, மக்கள் மறுபடி திரும்பிப் பார்த்தார்கள். அடுத்து நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்த இளையவர்கள், அதற்குள் தாங்களே பெரும்புகழ் பெற்றவர்கள், அவரைத் தேடி வந்தார்கள். ஜெஃப் லின், டாம் பெட்டி, பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன், பாப் டிலன் ஆகியோர் 1988இல் அவரையும் சேர்த்துக்கொண்டு ஒரு குழுவாகப் பாடினர். அவருடைய தனித் தொகுப்புக்கு அவர்களில் சிலரோடு, அயர்லாந்தின் யூ2 குழுவினரும் பாட்டு எழுதினார்கள், இசை வாசித்தார்கள். 'மிஸ்டரி கேர்ள்' என்பது அத்தொகுப்பின் பெயர். பதிவு முடிந்தது. 1988 டிசம்பர் 6ஆம் நாள் மாரடைப்பில் ஆர்பிசன் இறந்தார். வயது ஐம்பத்திரண்டு. தொகுப்பு 1989இன் தொடக்கத்தில் வெளியாகி, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தது. 1964க்குப் பின் அவர் அடைந்த பெரிய வெற்றியைக் காண அவர் இல்லை.

அது வெளிவந்த இரண்டே மாதத்தில் ராஜாவின் ரயில் வள்ளியூரில் நின்றது.

'மிஸ்டரி கேர்ள்' பின்னர் கூடுதல் பாடல்களுடன் 2007இல் மறுவெளியீடு கண்டது. 2014இல், இருபத்தைந்தாம் ஆண்டையொட்டி மீண்டும் வெளிவந்தது. இரண்டாம் முறை சேர்ந்த ஒன்று நம்மை நெகிழச் செய்தது. ஆர்பிசன் ஒரு சாதாரண ஒலிநாடாவில் முன்வரைவாகப் பாடிவைத்திருந்த பாட்டொன்று கிடைத்தது. அதிலிருந்து குரலை மட்டும் பிரித்தெடுத்து, எஞ்சியிருந்த அவருடைய மூன்று மகன்களும் இசைக்கருவியும் துணைக்குரலும் சேர்த்து நிறைவு செய்தார்கள். கூடுதல் பாடல் என்றாலே விற்பனைத் தந்திரம் என்று எண்ணுவது நம் வழக்கம். பல தொகுப்புகளில் அது உண்மையுங்கூட. கழித்துப் போட்டதையெல்லாம் கூட்டிச் சேர்த்து இரண்டாம் முறை காசு வாங்குகிறார்கள். ஆனால் இங்கே தந்தையின் குரலுக்குப் பிள்ளைகள் சுருதி பிடித்திருக்கிறார்கள். தீயில் மாண்ட இருவரும் இருந்திருந்தால் ஐந்து பேராகப் பாடியிருப்பார்களே என்று, அந்தக் குடும்பத்தோடு ஒரு தொடர்பும் இல்லாத நமக்கும் தோன்றியது.

இருவரையும் ஒப்பிட்டு எவர் பெரியவர் என்று சொல்வது நம் நோக்கமன்று. ஆர்பிசனின் மறுவருகையில் குரல் பாதி. அவருக்காக இடம்விட்டு ஒதுங்கி நின்ற இளையவர்கள் மறுபாதி. ராஜாவை 1971இல் ஒருவர் அழைத்தார், 1972இல் இன்னும் இருவர் அழைத்தார்கள். அவர்களுக்கு நன்றி. அதற்குமேல் கூடி நின்று தாங்க ஆட்கள் வரவில்லை. வந்திருந்தாலும் ஒரு பாட்டுக்கு, ஒரு காட்சிக்கு. ஒரு முழுத் தொகுப்புக்கு அன்று.

*

நம் நாட்டிலும் மறுவெளியீடுகள் உண்டு. ராஜாவின் பாடல்கள் நிமிடத்துக்கு எழுபத்தெட்டு சுழற்சிச் சாந்துத் தட்டில் முதலில் வந்தன. பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். பிறகு நெடுநேர இசைத்தட்டு, 1980களில் ஒலிநாடா, அப்புறம் குறுந்தகடு. 2017இல் வெளிவந்த 'கார்வான்' பெட்டி பழைய பாடல்கள் ஐயாயிரத்தைச் சுமந்து முதியோர் இல்லங்களிலும் படுக்கையருகிலும் பாடத் தொடங்கியது. 1984இல் நாகர்கோவிலில் தொடங்கிய வானொலி நிலையம், நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் என்ற பெருமைக்குரியது. அந்நாள் முதல் இந்நாள்வரை அங்கே பழைய பாடல் கேட்போரின் விருப்பத்தில் ராஜா இல்லாத வாரம் அரிது என்றே எண்ணுகிறோம்.

ஆனால் இவை அனைத்திலும் நாம் கேட்பது 1951 முதல் 1962 வரையிலான குரலையே. திரும்பத் திரும்ப அதே முப்பது வயதுக் குரல். உறை மாறுகிறது, தட்டு மாறுகிறது. கூடுதல் பாடல் ஒன்றும் சேர்வதில்லை. அவர் கடைசிப் பதினைந்து ஆண்டுகள் மேடைகளில் பாடிய குரல், நம் மாவட்டத்தில் கேட்கவிருந்த குரல், எந்தத் தொகுப்பிலும் வந்து நாம் கண்டதில்லை.

திரும்பி வரும் வாய்ப்பு ஜிக்கிக்குக் கிடைத்தது. அதே 1989இல் இளையராஜா 'பாட்டுக்கு ஒரு தலைவன்' படத்தில் அவரைப் பாட வைத்தார். கணவரை இழந்த ஆண்டிலேயே, தம்மைவிட இளைய பாடகர் மனோவோடு சேர்ந்து ஐம்பத்துமூன்று வயதில் பாடினார். அந்தப் பாட்டு பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. 'ஞானசௌந்தரி'யின் சிறுமிக் குரல் நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் எப்படிக் கலங்காமல் இருந்தது என்று வியந்தவர்களில் நாமும் உண்டு. அவர் 2004 ஆகஸ்டில் மறைந்தார்.

இக்கட்டுரைக்காக நாம் ஒரு சிறு தேடலில் இறங்கினோம். நம் பங்குத் திருவிழாக்களிலும் கோயில் கொடைகளிலும் 1980களில் மெல்லிசைக் கச்சேரி இல்லாத இரவு கிடையாது. அக்கச்சேரிகளை மைக் செட் வைத்தவர்கள் ஒலிநாடாவில் பிடித்து வைப்பார்கள். அடுத்த ஊர்த் திருவிழாவில் பகல்பொழுதைக் கழிக்க அது உதவும். ராஜாவின் குழு எங்கேனும் பாடியது அப்படிச் சிக்கியிருக்குமோ என்று, தொழிலை எப்போதோ விட்டுவிட்ட முதியவர் ஒருவரைத் தேடிச் சென்றோம். குழாய் ஒலிபெருக்கி இரண்டு இன்னும் கட்டிலடியில் கிடந்தன. பிஸ்கட் டின் ஒன்றில் நாற்பதுக்கு மேற்பட்ட ஒலிநாடாக்கள். கடல்காற்றில் பாதி பூஞ்சை பிடித்திருந்தன. ஓடக்கூடியவற்றை அவரே ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார்.

நாடா விலை அந்நாளில் அதிகம். ஆகவே ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிவு செய்திருந்தார்கள். ஒரு நாடாவில் வயலின் ஒன்று தொடங்கியது. ஆண்குரல் ஒன்று மெல்ல எடுத்தது. யாருடையது என்று நாம் காதை அருகில் கொண்டுபோனோம். முதல் அடி முடிவதற்குள் அது அறுந்து, பத்தாம் திருவிழா அறிவிப்பு கேட்டது: தேர் மேற்குத் தெருவில் திரும்புகிறது, வாணவேடிக்கைத் திடலருகே பிள்ளைகளை விட வேண்டாம், நீலச் சட்டை அணிந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் மேடையருகே அழுதுகொண்டு நிற்கிறான், பெற்றோர் உடனே வரவும். முதியவர் நாடாவைப் பின்னோக்கி ஓட்டி, அந்தச் சில நொடிகளை மறுபடி ஒருமுறை போட்டார்.